இரண்டாம் பக்கத்தில் தொடங்கிய கார்

பூனாவின் கோர்படியில் எங்கள் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயக் கார் நின்றுகொண்டிருந்தது. இத்தாலியில் செய்த கார். ஆபீஸில் இதைச் சொன்னால் யாரும் நம்பியதில்லை. "ரெயில்வே காலனிப் பக்கம் இத்தாலிக் காரா? காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்பார்கள். சாப்பிட்டது அம்மா சுட்ட தோசைதான். ஆனால் அந்தத் தோசையிலும் பழைய எஞ்சின் ஆயில் லேசாக மணக்கும். சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த துவாரங்கள் வழியே அந்த மணம் வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அது இல்லாத தோசை எனக்கு ருசிக்காமல் போனது.

அப்பா ரெயில்வேயில் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. அது தொண்ணூறுகளின் நடுவில். வேலூர்ப் பக்கமே திரும்பிப் போய்விடலாம் என்று அப்பா ஒரு பேச்சுக்குச் சொன்னார். "அங்க போயி இன்னா பண்றது? எனக்கு காய், பாஜி வாங்கக்கூட மராட்டிலதான் வாய் வருது" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு பழைய பங்களாவின் பின்பகுதிக்கு வாடகைக்குப் போனோம்.

பங்களாவின் சொந்தக்காரர் ஒரு பார்சிப் பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. ராணுவ ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் மகளுமாக இருந்த வீட்டில் அப்பா போன பிறகு கோழிகளோடு இருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்பேன், அம்மா மேம்சாப் என்பாள். கோழிகள் பகலெல்லாம் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு, முட்டையிட மட்டும் கிழிந்த தகரத்தின் வழியாக எங்கள் அடுக்களையை ஒட்டிய ஷெட்டுக்குள் நுழையும்.

நான் அந்தக் காரை முதலில் பார்த்தது முட்டை எடுக்கப் போனபோதுதான். கூரைத் தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் நிறைய இருந்தன. வெயில் அவற்றின் வழியே இறங்கிக் காரின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. வெளியே மேகம் போனால் எல்லாப் பொட்டும் ஒன்றாக அணைந்தது. மேகம் விலகினால் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. கார் மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு இருபதுக்கு மேல். இப்படியெல்லாம் தோன்றக் கூடாத வயது. தோன்றியது, என்ன செய்ய?

நீள மூக்கு. பானெட்டை ஒரு தோல் வார் போட்டு இறுக்கியிருந்தார்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது. ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி இரண்டே இருக்கைகள். பின்பக்கம் போகப் போகக் குறுகி, வாழைப்பூ முனையாக முடிந்தது. கம்பிச் சக்கரங்கள் காற்றுப் போய் மண்ணில் அமுங்கியிருந்தன. மேலே சாம்பல் நிறம், அது உரிந்த இடத்தில் பச்சை, பச்சையும் உரிந்த இடத்தில் சிவப்பு. ஓட்டுபவர் இருக்கையில் ஒரு பழுப்புக் கோழி உட்கார்ந்துகொண்டு, உனக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எனக்கு அந்த ஷெட்டில்தான் போயின. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ரெயில்வே யார்டில் பெட்டிகளைக் கோர்க்கும் சத்தம் தூரத்திலிருந்து வரும். கண்ணை மூடினால் நான் போயே இராத மலைச்சாலை ஒன்று வளைந்து வளைந்து மேலேறும். ஓரத்தில் யாரோ கையாட்டுவார்கள். முகம் தெரியாது. "கார்கிட்ட ஒக்காந்து தூங்கறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று அம்மா அடுக்களைத் துவாரம் வழியாகக் கத்துவாள். நான் தூங்கவில்லை என்று சொன்னால் கேட்கிற ஆள் அவள் இல்லை.

ஆன்ட்டி என்னிடம் பேசியதெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நடுநடுவே கோழிகளிடம் குஜராத்தி. ஆனால் இத்தனை வருடத்தில் என் நினைவுக்குள் அது மொத்தமும் தமிழாகிவிட்டது. இப்போது காதைக் கொடுத்தால் அவர் எங்கள் வீட்டுப் பேச்சையே பேசியதாகக் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மழை நாளில், ஷெட் வாசலில் நின்று, அவராகவே அந்தக் கதையைச் சொன்னார்.

"டாடி இத மெட்ராஸ்லதான் வாங்கினாரு. இத்தாலில மலைமேல பந்தயம் ஓடின வண்டி, அப்புறம் கப்பல்ல மெட்ராஸ் வந்துதாம். உலகச் சண்டை முடிஞ்சி சும்மா கெடந்த ஏரோப்ளேன் ரோட்ல அங்க ரேஸ் உட்டிருக்காங்க. டாடி பாத்தாரு, வாங்கிட்டாரு. மம்மிய பக்கத்துல ஒக்கார வெச்சிகினு பூனாவுக்கு ஓட்டிகினே வந்துட்டாரு. அப்ப நான் மம்மி வயித்துல."

ஆன்ட்டியின் அம்மாவுக்கு அப்போது மசக்கை. சித்ரதுர்காவுக்கு முன்னால் சாலையோரம் ஒருத்தி கொய்யாப்பழம் விற்பதைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுத்தினால் தள்ளாமல் கிளம்பாத வண்டி அது. "இங்க யாரு தள்ளுவாங்க?" என்று கணவர் கத்த, "நீ மொதல்ல நிறுத்து" என்று மனைவி கத்த, கடைசியில் நின்றது. மடி நிறையக் கொய்யா. வழியில் போன மாட்டு வண்டிக்காரர்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். கோலாப்பூர் வரும்வரை மடியில் இருந்த பழத்தைத் தின்றுகொண்டே வந்தாராம். காற்றில் கண்ணைத் திறக்க முடியாமல் கணவர் ஓட்ட, இவர் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாராம்.

"எனக்கு நடக்க வர்றதுக்குள்ள மம்மி போயிட்டாங்க" என்றார் ஆன்ட்டி. "ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அதுல கண்ண மூடிகினு இருக்காங்க. இந்தக் கதையிலதான் மம்மி கண்ணத் தொறந்துகினு இருக்காங்க."

பிறகு மீதியையும் சொன்னார். எண்பதுகளின் கடைசியில், பழைய கார்களைப் பற்றி எழுதும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்தாராம். டார்ச் அடித்து, பானெட்டுக்குள் தலையை விட்டு, இரும்புச் சட்டத்தில் அழுக்கைச் சுரண்டி, பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். இரண்டில் தொடங்கும் ஐந்து இலக்க எண். அந்தக் கம்பெனி அந்தக் காலத்தில் நான்கு இலக்கத்துக்கு மேல் பொறித்ததே இல்லை என்றார். யாரோ உடைசல்களைச் சேர்த்துக் கட்டி, வாயில் வந்த எண்ணை அடித்திருக்கிறார்கள் என்று தேநீரைக் குடித்துக்கொண்டே மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்த மரியாதைக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. திட்டுகிறவர்களிடமாவது பதிலுக்கு ஒன்று சொல்லலாம்.

விஷயம் பரவியது. தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் மாலை ஆன்ட்டி தன் அப்பாவின் எதிரில் போய் நின்று, "டாடி, இப்பவாவது நெஜத்த சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். கிழவர் மகளைப் பார்த்தார். எழுந்து போய் ஷெட்டைப் பூட்டினார். அதன் பிறகு சாகும்வரை கொய்யாக் கதையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

"வண்டி பொய்னா கொய்யாவும் பொய்தானே?" என்று ஆன்ட்டி என்னைக் கேட்டார். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் நான் சரியாகக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு எனக்கு பூனாவுக்கு வெளியே ரஞ்சன்காவில் வேலை கிடைத்தது. இத்தாலிக்காரர்களுக்குப் பங்கிருந்த ஒரு சின்னத் தொழிற்சாலை. வரைபடக் குறிப்புகளை மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று, என்னையே கொஞ்சம் இத்தாலியன் படிக்க வைத்தார்கள். அங்கே வந்திருந்த எஞ்சினியர் ஒருவர் என் டிபன் பாக்ஸ் தயிர் சாதத்தைப் பயந்து பயந்து தின்று, பிறகு அதற்காகவே என் மேஜைப் பக்கம் வர ஆரம்பித்தார். இதை ஆன்ட்டியிடம் சொன்னதுதான் தாமதம்.

"அவர்கிட்ட கேக்கிறியா?" என்றார். "விக்கறதுக்கு இல்ல. எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

கேட்க வேண்டியதை முறையாக எழுதிக் கொடுப்போம் என்று இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அடித்துத் திருத்தி, வேறு தாளில் மறுபடி எழுதினேன். மூன்றாவது தாளை எடுத்தபோது ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நீ ஏன் எப்பவும் ரெண்டாம் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிற? மொதல் பக்கம் எங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தாளின் உச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அங்கே நான் போட்டிருந்தது பிள்ளையார் சுழி. தமிழை நான் ஒழுங்காக எழுதக் கற்றது வெகுநாள் கழித்துத்தான். அந்த நாட்களில் நான் தமிழில் எழுதியது அந்த ஓர் 'உ' மட்டும்தான். ஆங்கிலம் எழுதினாலும் மராட்டி எழுதினாலும் உச்சியில் அதைப் போடாவிட்டால் அம்மா சும்மா விடமாட்டாள். மளிகைச் சீட்டுக்குக்கூட உண்டு. எங்கள் பிள்ளையார் அவர், எந்த வேலையானாலும் முதலில் அவரைக் கூப்பிடுவோம் என்று விளக்கினேன்.

"கண்பதி பப்பாவா?" என்றார் ஆன்ட்டி. "நல்ல சாமி. யாரும் ஒக்காரதுக்கு முன்னாடி வந்து ஒக்காந்துக்குது." இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, அந்த வெளிநாட்டுக்காரர் குறித்துக் கொடுத்திருந்த ஐந்து இலக்கத்தை அப்படியே தாளில் எழுதினோம்.

எஞ்சினியர் நல்ல மனிதர். தன் ஊரில் இந்தக் கார்களின் ஜாதகத்தையே தலைக்குள் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் கேட்டுச் சொன்னார். பதில் சீக்கிரமே வந்தது. அப்படி ஓர் எண் எந்தக் காருக்கும் கிடையாது.

இதை நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஆன்ட்டி தலையை ஆட்டினார். கோழிகளுக்குத் தானியம் போட எழுந்து போனார். அன்றைக்கு அவர் கோழிகளோடு பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, தசரா முடிந்ததும் பங்கார்வாலா வந்து வண்டியை எடுத்துப் போவான் என்று அம்மாவிடம் சொன்னார். பழைய இரும்பு எடுக்கிறவனைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். "எத்தினி நாள்தான் ஒரு பொய்ய வூட்ல வெச்சிகினு இருக்கறது?" என்றாராம். அன்று அடுக்களையில் எஞ்சின் ஆயில் மணம் எப்போதையும்விட அதிகமாக வந்தது, அல்லது அப்படித் தோன்றியது.

ஆயுத பூஜை காலையில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினாள். தையல் மெஷின், மிக்ஸி, அப்பாவின் சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு ஷெட்டைப் பார்த்து நடந்தாள்.

"அதுக்கு எதுக்கும்மா? அடுத்த வாரம் போவப் போற வண்டி."

"போற வண்டின்னா பொட்டு இல்லாம அனுப்பறதா? இத்தினி வருசமா நம்ம சுவத்த ஒட்டிகினு இருந்துது."

அவளுக்கு மேல்தகரத்தில் வைத்தால் மனசு ஆறாது. "பொட்டு எஞ்சினுக்கு வைக்கணும், தகரத்துக்கா வைப்பாங்க?" என்று தோல் வாரை இழுத்து, என்னையும் பிடிக்கச் சொல்லி, பானெட்டைத் திறந்தாள். உள்ளே கோழி இறகும் தூசியுமாக ஒரு உலகமே இருந்தது. கையில் இருந்த துணியால் இரும்புச் சட்டத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மூன்று விரலால் சந்தனத்தை அப்பினாள். அப்பிய இடம் அந்த எண்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் எண்ணோ மெய் எண்ணோ, அதன் மேலேயா அப்புவது! துப்பட்டாவின் நுனியால் துடைத்தேன். மேலே இருந்த சந்தனம் போய்விட்டது. பள்ளத்தில் இருந்தது போகவில்லை. கறுத்த இரும்பில் எண் வெளிர் மஞ்சளாக எழுந்து வந்தது. அதுவரை அந்த எண்ணை நான் காகிதத்தில்தான் பார்த்திருந்தேன்.

பின்னால் இருந்த நான்கு இலக்கங்களும் ஒரே உயரம், ஒரே ஆழம், அச்சு வைத்து அடித்தவை. முதலில் இருந்தது அப்படி இல்லை. உளிமுனையால் புள்ளி புள்ளியாகத் தட்டி யாரோ கையால் போட்டது. தலையில் உள்பக்கமாக ஒரு சுருள். கால் இரண்டைப் போலச் சட்டென்று நிற்காமல், பக்கத்து எண்ணின் அடியில் கோடாக நீண்டு போயிற்று.

அது இரண்டு இல்லை. உ.

"அய்ய, நம்ம ஆளு எவனோ கை வெச்சிருக்கான்டீ" என்றாள் அம்மா, ஏதோ பஜாரில் ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி. "சுழி போடாம எவன் வேலைய ஆரம்பிப்பான்?"

நான் ஷெட்டின் மண்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரை ஓட்டைகளின் வெயில் பொட்டுகள் என் மடிமேல் மெதுவாக நகர்ந்தன. மெட்ராஸில் ஏதோ ஒரு பட்டறை. கப்பலிலிருந்து இறங்கிய வண்டி. உப்புக் காற்று. முதல் முறையாக அந்த எஞ்சினைப் பிரிக்கப் போகிற ஒருத்தன், இப்படி ஒன்றை ஜென்மத்தில் பார்த்திராதவன், கொஞ்சம் பயந்திருப்பான். முதல் நட்டைத் திருப்புவதற்கு முன்னால், எழுத்து என்று கண்ணில் பட்டது அந்த எண்தான். அதற்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் உளியை வைத்துத் தட்டியிருக்கிறான். அவன் முகமும் என் மலைச்சாலையில் கையாட்டுகிறவர்கள் முகம்போலத் தெரியவில்லை. தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆன்ட்டியை இழுத்து வந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. "எத்தினியோ பேரு இன்னான்னமோ சொல்லிட்டாங்க" என்றார். "நீ கேட்டுகினு வா. அப்புறம் நான் தொடறேன்."

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்றே எஞ்சினியரின் மேஜைக்கு ஓடினேன். முன்னால் இருப்பதை விட்டுவிட்டுக் கேளுங்கள், அது எண் இல்லை, எங்கள் சாமி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் போனை எடுத்தார். அந்தப் பக்கம் இருந்தவர் பேசப் பேச இவர் முகம் மாறியது. நடுவில் எழுந்து நின்றுவிட்டார்.

இருக்கிறது. நான்கு இலக்கத்தோடு அந்தக் கார் இருக்கிறது. மலைச்சாலைப் பந்தயங்களில் ஓடியிருக்கிறது. பிறகு இந்தியாவில் யாருக்கோ விற்று, மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கேயே தொலைந்துபோனது என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் தொலைத்த இடத்தில்தான் எங்கள் ஆள் சுழி போட்டிருக்கிறான்.

அன்று மாலை கம்பெனி பஸ் எவ்வளவு மெதுவாக வந்தது என்று சொல்லி முடியாது. ஷிக்ராபூர், வாகோலி என்று ஒவ்வோர் ஊரிலும் நின்றது. வழியில் கரும்பு லாரிகள், செவ்வந்தி மூட்டைகள், மஞ்சள் வெயில். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸின் பக்கத்திலேயே அந்தக் கார், சிவப்பாக, சத்தமில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, இதை அம்மா நம்பாவிட்டாலும் நீங்கள் நம்ப வேண்டும்.

ஆன்ட்டி கேட்டருகே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முழுக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மெட்ராஸ் என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நெஜத்த சொல்லுங்கன்னு கேட்டேன்" என்றார். "நெஜத்தத்தான் அவரு சொல்லிகினே இருந்தாரு."

அழுகையாக வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனார். பானெட்டின் கீழே கையை விட்டு, காய்ந்திருந்த சந்தனத்தைத் தடவி, உ-வின் வாலில் விரலை ஓட்டினார். பிறகு புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, கதவில்லாத அந்தக் காரின் பக்கத் தகட்டில் காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்கினார். ஓட்டுபவர் பக்கம் இல்லை. இடது பக்கம், பக்கத்து இருக்கையில். அதற்கு முன்னால் ஒரு தடவை அவர் அங்கே உட்கார்ந்து வந்திருக்கிறார், பிறப்பதற்கு முன்னால்.

"நீ அந்தப் பக்கம் ஒக்காரு."

பழுப்புக் கோழியைத் தூக்கி வெளியே விட்டேன். அது என்னைத் திட்டிக்கொண்டே போயிற்று. இருக்கையில் அதன் சூடு இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மரம், வழவழவென்று தேய்ந்திருந்தது. எதிரே ஷெட்டின் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய எடு" என்றார் ஆன்ட்டி.

"எங்க ஆன்ட்டி?"

"மெட்ராஸ்லேர்ந்து பூனாவுக்கு." முன்னால் பார்த்தபடியே புடவை மடியை இரண்டு கையாலும் குழிவாக விரித்து வைத்துக்கொண்டார். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. "மெதுவா போ. கொய்யாக்காரி வர்ற எடத்துல நிறுத்தணும்."